இருப்பு: பூஜ்யம்

ஹம்ரியாவில் எனக்குப் பெயர் ஸ்டோர்.
"ஸ்டோர், பேரிங் இருக்கா?"
"ஸ்டோர், சாவி எங்கே?"
பதினாலாயிரம் சாமான்களுக்கு நடுவில்
நானும் ஒரு பார்ட் நம்பர்.

வெளியே ஆகஸ்ட், நாற்பத்தெட்டு டிகிரி.
உள்ளே,
வாங்கிய நாள்முதல் யாரும் கேட்டிராத வால்வுகளுக்கு
இருபத்திரண்டு.
கரண்ட் பில்லைப் பார்த்து ஹானி சொன்னார்:
"என் மாமியாருக்குக்கூட
நான் இவ்வளவு ஏசி போட்டதில்லை."

ஒரு வியாழக்கிழமை
இழுவைக் கப்பல் ஒன்று
இன்னொன்றால் இழுக்கப்பட்டு வந்தது.
கடல்நீர் பம்ப்பின் சுழல்தட்டில் மூன்று இறகு இல்லை.
அதைச் செய்த கம்பெனியும் இல்லை;
நார்வேயில் மூடி ஒன்பது வருஷம்.
வார்ப்பில் வாங்கினால் எட்டு வாரம்,
குறைந்தது ஐம்பது உருப்படி.
அவசரம் ஒன்றுக்குத்தான்.
மீதி நாற்பத்தொன்பதும்
என் ரேக்கில் வந்து உட்காரும், குளிர்காய அல்ல, குளிர.

மேரிசெல் உடைந்ததை ஸ்கேன் செய்தாள்.
உடையாத இறகைப் பார்த்து
உடைந்த மூன்றையும் திரையில் முளைக்கவைத்தாள்.

பிறகு அந்தப் பெட்டி.
கோதுமை மாவைவிட நைஸாக வெண்கலப் பொடி.
ஒரு தகடு அதைத் தட்டின்மேல் வழித்துப் பரப்பும்,
தலைமுடியில் பாதி கனத்துக்கு.
மேலிருந்து லேசர்
வேண்டிய இடத்தை மட்டும் உருக்கிக் கோடு போடும்.
தட்டு அரை முடி இறங்கும்.
மறுபடி பொடி.
மறுபடி கோடு.
உள்ளே ஆர்கான்; காற்றுக்கு அனுமதியில்லை.

கல்லில் வேண்டாததைக் கொத்தி எறிந்தால் சிலை என்பார்கள்.
இது வேண்டாததைத் தொடுவதே இல்லை.
உருகாத பொடியைச் சலித்து
அடுத்த வேலைக்கு எடுத்துவைக்கிறாள்.

முதல் முறை
அறுநூற்றுப் பதினோராம் அடுக்கில்
ஓரம் சுருண்டு எழும்பியது.
சூடு ஆறும்போது உலோகம் முறுக்கிக்கொள்ளுமாம்.
ஹானியும்தான்.

இரண்டாம் முறை
அடியில் குச்சிகுச்சியாகத் தாங்கல் வைத்தாள்.
சூட்டை வாங்கிக் கீழே கடத்தும்,
அந்தரத்தில் நிற்கும் இறகைப் பிடித்துக்கொள்ளும்.
"வேலை முடிந்ததும்?" என்றேன்.
"வெட்டி எடுத்துவிடுவோம்," என்றாள் சட்டென்று.
அப்புறம் கொஞ்ச நேரம் இருவரும் பேசவில்லை.
வெளியே ஷிப்ட் பஸ்
ஆட்களை ஏற்றிக்கொண்டிருந்தது.

ஆயிரத்து எழுநூறு அடுக்கு.
இருபத்தொன்பது மணி நேரம்.
பொடிக்குள் கைவிட்டுத் துழாவி
அவள் அதை வெளியே எடுத்தபோது
கிழங்கு பிடுங்குவதுபோல் இருந்தது.
அப்புறம் உலை, ரம்பம், அரம்,
சுற்றிவிட்டு எடை சரிபார்த்தல்.
பெட்டி மட்டும் எல்லாம் செய்துவிடாது.

கப்பல் செவ்வாயன்று போய்விட்டது,
தானாகவே.

ஹானி கணக்குப் போட்டார்.
"ஒன்றின் விலை வார்ப்பைவிட மூன்று மடங்கு.
எட்டு வாரம் சும்மா நிற்கும் கப்பலையும் கூட்டு.
இப்போது சொல், எது மலிவு?
ஆயிரம் வேண்டுமா, வார்ப்புப் பட்டறைக்குப் போ.
ஒன்று வேண்டுமா, இங்கே வா."

இப்போது எனக்கு வேறு வேலை.
ரேக் ரேக்காக நடந்து
எது பொருளாக இருக்க வேண்டும்,
எது கோப்பாக இருந்தால் போதும் என்று பிரிக்கிறேன்.
ரப்பர் வளையம் இருக்கட்டும்.
போல்ட் இருக்கட்டும், கடையில் கைப்பிடி ஒரு திர்ஹாம்.
எண்பத்தேழில் வாங்கிய இந்தக் கியர்?
தூசி தட்டி மேரிசெல்லின் மேசையில் வைக்கிறேன்.
இரண்டு வரிசை காலியாகிவிட்டது.
அங்கே ஏசியை நானே நிறுத்தினேன்.

பேரேட்டில் இதற்குக் கட்டம் இல்லை.
ஸ்கேல் வைத்து ஒரு கோடு இழுத்துக்கொண்டேன்.

சுழல்தட்டு, கடல்நீர் பம்ப்.
இருப்பு: பூஜ்யம்.
கேட்டால்: நாளை மறுநாள்.